வெளிநாட்டு ஆய்வில் முதன்முறை சேர்கிறீர்களா? சாம்பிள் எடுக்கும் முன் எழுதி வாங்க வேண்டியவை

ஒரு மின்னஞ்சல் வரும். லண்டனிலிருந்தோ பாஸ்டனிலிருந்தோ ஒரு பேராசிரியர் எழுதியிருப்பார். உங்கள் மாவட்டத்தில் ஓர் ஆய்வு நடத்த விரும்புகிறோம், நிதி கிடைத்துவிட்டது, நீங்களும் பங்குதாரராகச் சேர முடியுமா என்று கேட்டிருப்பார். முதல்முறை இப்படி ஒன்று வரும்போது மனம் துள்ளும். துள்ளட்டும், தப்பில்லை. நல்ல ஆய்வுகள் பலவும் இப்படித்தான் தொடங்கியிருக்கின்றன. ஆனால் நீங்கள் ‘சரி’ என்று பதில் போடுவதற்கும் முதல் நோயாளியின் கையில் ஊசி ஏற்றுவதற்கும் இடையில் சில மாதங்கள் இருக்கின்றன. ரத்தம் எங்கே போகும், பணம் யார் கையில் இருக்கும், யார் பெயர் முன்னால் வரும், பலன் யாருக்குத் திரும்பும் என்பதெல்லாம் அந்த மாதங்களில்தான் முடிவாகிறது. அதற்குப் பிறகு கேட்டால் தன்மையாகப் பதில் சொல்வார்கள், எதுவும் மாறாது.

இதை இளம் மருத்துவர்கள், செவிலியர்கள், பொதுச் சுகாதாரம் படித்துவிட்டு முதல் வேலைக்கு வந்தவர்கள், களப்பணி ஒருங்கிணைப்பாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பல ஆண்டுகள் களத்தில் இருந்தவன் என்ற முறையில், எனக்கு யாரும் சொல்லித் தராதவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1976இல் காங்கோவில், அன்றைய பெயரில் சயீரில், யம்புக்கு என்ற ஊரின் மிஷன் மருத்துவமனையில் ஆட்கள் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். அங்கே போய்ப் பார்த்தவர் ழான்-ஜாக் முயம்பே, அந்நாட்டு வைரஸ் நிபுணர். கையுறைகூட இல்லாமல் ரத்தம் எடுத்தார். நோயுற்ற ஒரு கன்னியாஸ்திரியைத் தலைநகர் கின்ஷாசாவுக்கு அழைத்துவந்தார். அந்த ரத்தம் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகர ஆய்வகத்துக்குப் போனது. நுண்ணோக்கியில் எபோலா வைரஸ் தெரிந்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் எபோலாவைக் கண்டுபிடித்தவர்கள் என்று எழுதப்பட்டவை மேற்கத்தியப் பெயர்கள்தாம். முயம்பே சோர்ந்துவிடவில்லை. 1995இல் கிக்விட் நகரில் பரவிய எபோலாவிலிருந்து பிழைத்த ஒருவரின் ரத்தத்திலிருந்துதான் பின்னாளில் அன்சுவிமாப் என்ற மருந்து உருவானது. அதைக் காங்கோவிலேயே சோதித்தார்கள். 2020 டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்தது. அதற்குள் முயம்பே ஒரு முடிவும் எடுத்திருந்தார்: இனி எபோலா ரத்த மாதிரிகள் காங்கோவிலேயே இருக்கும், ஆராய விரும்புகிறவர் இங்கே வரட்டும்.

நாற்பதாண்டுக்கு மேல் பொறுத்து அவர் போட்ட நிபந்தனையை நீங்கள் முதல் மாதத்திலேயே பேசலாம். எப்படி என்று பார்ப்போம்.

படி 1: கேள்வி யாருடையது என்று கேளுங்கள்

‘ஆம்’ சொல்வதற்கு முன் புரோட்டோகாலை, அதாவது ஆய்வின் விரிவான திட்ட வரைவை, முழுதாகக் கேட்டு வாங்குங்கள். சுருக்கம் போதாது. படித்துவிட்டு ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள்: இந்த ஆய்வுக்கு விடை கிடைத்தால் என் புறநோயாளிப் பிரிவில் நாளை எது மாறும்? எதுவும் எழுத வரவில்லை என்றால், அந்தக் கேள்வி வேறு யாருக்கோ உரியது.

கேள்வி நம்முடையதாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 1956இல் இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து அதை நடத்தின. அன்றைக்குக் காசநோய் என்றால் அதற்கான தனி மருத்துவமனையான சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். நம்மிடம் இருந்த படுக்கைகளோ நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட வராது. அதனால் எழுந்த கேள்வி இது: நெருக்கடியான வீட்டில், போதிய சாப்பாடுகூட இல்லாமல் இருப்பவர், வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டால் குணமாவாரா? குணமாவார் என்று ஆய்வு காட்டியது. கூட வாழும் குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்றும் காட்டியது. 1959இல் முடிவு வெளியானது. சானடோரியங்களின் காலம் உலகெங்கும் முடிவுக்கு வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. வெளிநாட்டுக் கூட்டு என்பதாலேயே ஓர் ஆய்வு அந்நியமாகிவிடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். அதே மையம் இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது.

உங்களிடம் வந்த திட்டத்தில் உள்ளூர்க் கேள்வி இல்லையென்றால், ஒன்றைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். நிதி விண்ணப்பம் எழுதப்படும்போதே உங்களைக் கூப்பிட்டிருந்தால் இன்னும் நல்லது. அடுத்த திட்டத்துக்காவது அப்படிக் கூப்பிடும்படி இப்போதே சொல்லிவையுங்கள்.

படி 2: அனுமதிகளை உள்ளூரிலிருந்து தொடங்குங்கள்

‘எங்கள் பல்கலைக்கழகத்தின் எதிக்ஸ் கமிட்டி அனுமதித்துவிட்டது’ என்பார்கள். அது அவர்களுக்கான அனுமதி. உங்கள் ஊரில் நடக்கும் ஆய்வுக்கு உங்கள் எதிக்ஸ் கமிட்டியின் அனுமதி வேண்டும். இந்தியாவில் வெளிநாட்டுக் கூட்டோ நிதியோ இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் ஸ்கிரீனிங் கமிட்டிக்கும் போக வேண்டும். மருந்துச் சோதனை என்றால் இந்திய மருத்துவச் சோதனைகளின் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு 2009 ஜூன் முதல் கட்டாயம். இதற்கெல்லாம் மாதங்கள் பிடிக்கும். அந்தக் காலத்தை ஆய்வுக் கால அட்டவணையிலேயே போடச் சொல்லுங்கள். போடாவிட்டால் ‘உங்கள் பக்கம்தான் தாமதம்’ என்ற பெயர் உங்களுக்கு வந்து சேரும்.

இங்கே தென்னாப்பிரிக்காவின் தொல்குடியினரான சான் மக்களை நினைக்கிறேன். பல தலைமுறைகளாக ஆய்வாளர்கள் வந்துபோன சமூகம் அது. மரபணு ஆய்வு ஒன்றில் தங்கள் தலைவர்களைக் கலந்தாலோசிக்கவில்லை, வெளியான சொற்கள் தங்களை இழிவுபடுத்தின என்று அவர்களுக்குக் கசப்பு இருந்தது. 2017இல் தாங்களே ஓர் ஆய்வு நெறிமுறையை எழுதி வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை என்ற நான்கையும் முன்வைத்து, எங்களிடம் வருகிறவர் முதலில் எங்கள் மன்றத்திடம் வர வேண்டும் என்றார்கள். ஓர் ஊரில் களப்பணி தொடங்கும் முன் நீங்களும் இதே வழியில் போகலாம். ஊராட்சித் தலைவர், மகளிர் குழுக்கள், கிராமச் சுகாதாரச் செவிலியர் ஆகியோரை உட்காரவைத்து ஒப்புதல் படிவத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எந்த வரியில் முகம் சுளிக்கிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் படிவத்தை அலுவலகத்தில் உட்கார்ந்து தமிழாக்கியது ஊரில் போய்ப் புரியாமல் நின்றதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

படி 3: சாம்பிள், தரவு

இதில் அவசரப்படவே கூடாது.

2000களின் நடுவில் இந்தோனேசியாவில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் மனிதர்களைக் கொன்றுகொண்டிருந்தது. அந்நாடு வழக்கப்படி வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்தின் வலையமைப்புக்கு அனுப்பிவந்தது. அந்த மாதிரியை வைத்து ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று தடுப்பூசி செய்கிறது என்று தெரியவந்தது. நோய் எங்களுடையது, வைரஸ் எங்களுடையது, தடுப்பூசியை மட்டும் நாங்கள் விலை கொடுத்து வாங்க வேண்டுமா, அதுவும் கிடைக்குமா என்று கேட்டார் சுகாதார அமைச்சர் சிட்டி ஃபாதிலா சுபாரி. 2007 தொடக்கத்தில் மாதிரிகளைப் பகிர்வதை இந்தோனேசியா நிறுத்தியது. உலகமே பதறியது; ஆபத்தான விளையாட்டு என்று கண்டித்தவர்கள் பலர். வைரஸை மறைப்பது எல்லோருக்கும் ஆபத்துதான், அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்த முரண்டின் பின் தொடங்கிய பேச்சுவார்த்தையில்தான் 2011இல் பெருந்தொற்று இன்ஃபுளூயன்சா ஆயத்தச் சட்டகம் பிறந்தது. மாதிரிகளைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் பணமோ தடுப்பூசியோ திருப்பித் தரவேண்டும் என்பது அதில் எழுத்தில் வந்தது.

ஒரு நாட்டுக்கு இருந்த அதே கேள்வி உங்கள் மருத்துவமனைக்கும் உண்டு. அதற்கு உங்கள் கையில் இருக்கும் ஆயுதம் மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தம், எம்.டி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வது. பெரும்பாலும் அவர்களுடைய அச்சடித்த படிவம் வரும். கையெழுத்துப் போடும் முன் இவற்றைத் தேடுங்கள்: இந்த ரத்தத்தில் எந்தெந்தப் பரிசோதனைகள் செய்வார்கள் என்று பெயர் சொல்லியிருக்கிறதா, அல்லது ‘எதிர்கால ஆய்வுகள்’ என்று பொதுவாக விட்டிருக்கிறதா? மிச்சம் இருப்பதை எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், அப்புறம் அழிப்பார்களா, திருப்பித் தருவார்களா? மூன்றாம் தரப்புக்குக் கொடுக்க உங்கள் சம்மதம் வேண்டுமா? காப்புரிமை வந்தால் உங்கள் நிறுவனத்துக்குப் பங்கு உண்டா? ‘எதிர்கால ஆய்வுகள்’ என்ற சொல்லைக் கண்டால் அடித்துவிட்டு, ‘ஒவ்வொரு புதிய ஆய்வுக்கும் உள்ளூர் எதிக்ஸ் கமிட்டியின் அனுமதி பெற்று’ என்று சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுடைய சட்டப் பிரிவு இதைவிடக் கடினமான திருத்தங்களைப் பார்த்திருக்கும்.

அதைவிட முக்கியமாக, அந்தப் பரிசோதனையை இங்கேயே செய்ய முடியுமா என்று கேளுங்கள். கருவி இல்லையென்றால், மாதிரியை அனுப்பும் செலவில் கருவி வாங்க முடியுமா? ஆள் இல்லையென்றால், மாதிரியோடு உங்கள் ஆய்வக நுட்பநர் ஒருவரும் போய்க் கற்றுக்கொண்டு வரலாமே.

தரவுக்கும் இதே விதிதான். முழுத் தரவின் ஒரு பிரதி உங்கள் சர்வரில் இருக்க வேண்டும். அதைத் திறந்து ஆராய உங்கள் குழுவில் ஒருவருக்குப் புள்ளியியல் தெரிந்திருக்க வேண்டும். அவருக்கான பயிற்சியை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பொதுவெளியில் தரவை வெளியிடும் முன் உள்ளூர்க் குழு தன் கட்டுரைகளை எழுத ஒரு கால இடைவெளி கேளுங்கள்.

பகிர்வதே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா விஞ்ஞானிகள் ஒமைக்ரானைக் கண்ட உடனே உலகுக்குச் சொன்னார்கள். அதனால் எல்லா நாடுகளும் முன்கூட்டியே தயாராக முடிந்தது. பதிலுக்கு அவர்கள் பெற்றது விமானத் தடை. நேர்மையாகப் பகிர்ந்தவருக்குத் தண்டனை கிடைத்தால் அடுத்த முறை யார் பகிர்வார்? 2025 மே மாதம் உலக சுகாதார மாநாடு ஏற்ற பெருந்தொற்று உடன்படிக்கை இதைத்தான் சரிசெய்யப் பார்க்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில், பங்கேற்கும் நிறுவனங்கள் தங்கள் உற்பத்தியில் 20 சதவீதத்தை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க வேண்டும், அதில் குறைந்தது பாதி நன்கொடை என்பது அதன் எண்ணம். மாதிரியையும் பலனையும் எப்படிப் பகிர்வது என்ற விவரத்தைத் தனி இணைப்பாகப் பேசி முடிக்க வேண்டும் என்று அந்த உடன்படிக்கை விட்டது.

படி 4: பட்ஜெட்டை வரி வரியாகப் படியுங்கள்

நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில் மைனஸ் 80 டிகிரி டீப் ஃப்ரீசருக்குப் பணம் இருந்தது. ஜெனரேட்டர் டீசலுக்கு இல்லை. பட்ஜெட் போட்டவர்களுக்கு மின்வெட்டு என்ற ஒன்று தோன்றவே இல்லை. கோடையில் இரண்டு இரவு நாங்கள் கைக்காசு போட்டு டீசல் வாங்கினோம். மூன்றாவது முறை ஊர் முழுக்க மின்சாரம் போனபோது ஒரு அடுக்கு மாதிரிகள் வீணாயின. அந்த ரத்தத்தைக் கொடுத்த பெண்களிடம் மறுபடி போய்க் கேட்கவே எனக்கு வாய் வரவில்லை.

அதனால் பட்ஜெட்டைக் களப்பணியாளரோடு சேர்ந்து படியுங்கள். டீசல், பெட்ரோல், தொலைபேசி ரீசார்ஜ், பெண் பணியாளர்கள் இருட்டிய பின் வீடு திரும்ப வண்டி, காப்பீடு, ஆய்வுக்கு வருகிறவரின் ஒருநாள் கூலி இழப்பு. அப்புறம் மறைமுகச் செலவு. கட்டடம், கணக்காளர், இணையம் ஆகியவற்றுக்கான பங்கு இது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் நிதியில் அங்குள்ள பல்கலைக்கழகங்கள் இதற்கு 50 சதவீதத்துக்கு மேலும் பெறுவது வழக்கமாக இருந்தது. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நீண்ட காலம் 8 சதவீதம்தான். விதியை உங்களால் மாற்ற முடியாது. ஆனால் கணக்காளர் சம்பளத்தையும் வாடகையையும் நேரடிச் செலவாகத் தனி வரியில் போட முடியுமா என்று கேட்கலாம்.

செலவு செய்துவிட்டுப் பில் அனுப்புங்கள், பிறகு தருகிறோம் என்ற ஏற்பாடு சிறிய அமைப்பைக் கழுத்தை நெரித்துவிடும். முன்பணம் கேளுங்கள். இந்தியத் தொண்டு நிறுவனமாக இருந்தால், வெளிநாட்டுப் பணம் பெறுவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. ஆகவே ‘பெரிய நிறுவனம் வாங்கி உங்களுக்குப் பிரித்துத் தரும்’ என்ற திட்டத்தோடு யாராவது வந்தால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

படி 5: யார் ஆத்தர்?

மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆய்வை வடிவமைப்பதிலோ தரவு சேகரிப்பதிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு. கட்டுரையை எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு. இறுதி வடிவத்துக்கு ஒப்புதல். முழு ஆய்வுக்கும் பொறுப்பேற்பது. நான்கும் வேண்டும். இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. வரைவை உங்களுக்குக் காட்டவே இல்லை என்றால் இரண்டாவதும் மூன்றாவதும் உங்களுக்கு எப்படி வாய்க்கும்? இந்த நிபந்தனைகளைக் காட்டி, தகுதியுள்ளவருக்கு வரைவைப் பார்க்கும் வாய்ப்பே தராமல் விலக்கக் கூடாது என்று அதே குழு தெளிவாகச் சொல்கிறது. பலருக்கு இது தெரியாது. தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது எளிது. முதல் மாதக் கூட்டத்தில், எத்தனை கட்டுரைகள் வரலாம், ஒவ்வொன்றிலும் முதல் பெயர் யார், கடைசிப் பெயர் யார் என்று ஒரு அட்டவணை போடுங்கள். பாதியாவது உள்ளூர்ப் பெயர்கள் முன்னால் இருக்கட்டும். அன்றே எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பி, ‘இன்று பேசியபடி’ என்று தொடங்கிப் பதிவாக்குங்கள். வரைவைப் படிக்க இரண்டு வாரம் தர வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள். வெள்ளிக்கிழமை இரவு அனுப்பிவிட்டுத் திங்கள் காலை சமர்ப்பிக்கிறோம் என்று சொல்வது நடக்கத்தான் செய்கிறது.

காலமும் இப்போது உங்கள் பக்கம் சற்றுத் திரும்பியிருக்கிறது. 2022இல் கேப் டவுனில் நடந்த ஆய்வு நேர்மை மாநாட்டிலிருந்து நியாயமான கூட்டுறவு பற்றிய அறிக்கை வந்தது. சில இதழ்கள், உள்ளூர் ஆய்வாளர் என்ன செய்தார், அவருக்கு என்ன கிடைத்தது என்று விளக்கும் குறிப்பைக் கட்டுரையோடு கேட்கின்றன. ‘அந்தக் குறிப்பில் என்ன எழுதப் போகிறோம்?’ என்று தொடக்கத்திலேயே கேட்டால், சண்டை போடாமலே நிறைய விஷயம் நேராகும்.

வீடுவீடாக நடந்த பணியாளர்களை மறக்காதீர்கள். நமக்கு மேலே இருப்பவரிடம் நாம் கேட்கும் நியாயத்தை நமக்குக் கீழே வேலை செய்பவருக்கும் கொடுக்க வேண்டும்.

படி 6: கூட்டம், விசா, வெளியீட்டுக் கட்டணம்

வாராந்திரக் கூட்டம் எப்போதும் அவர்களுக்குக் காலை, உங்களுக்கு இரவு என்றால் மாதத்துக்கொரு முறை மாற்றச் சொல்லுங்கள். கூட்டத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் முந்தின நாளே உங்கள் கருத்தை எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

வெளிநாட்டு மாநாட்டுக்கு விசா விண்ணப்பத்தை எவ்வளவு முன்னால் முடியுமோ அவ்வளவு முன்னால் போடுங்கள். 2022இல் மாண்ட்ரியாலில் நடந்த எய்ட்ஸ் மாநாட்டுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வர வேண்டிய பலருக்கு விசா கிடைக்கவில்லை. அந்த நோயின் சுமையை அதிகம் தாங்குகிற கண்டத்தின் ஆட்களே அரங்கில் குறைந்தார்கள். உங்கள் உரையை இணையவழியிலும் தர இடமுண்டு என்று முன்பே உறுதி வாங்குங்கள். குழுவின் ஆண்டுக் கூட்டத்தை உங்கள் ஊரில் வைக்கச் சொல்லியும் கேட்கலாம்.

கட்டணமில்லாமல் இதழ்களைப் படிக்க, ஏழை நாடுகளின் நிறுவனங்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஹினாரி 2002 முதல் இருக்கிறது. உங்கள் நாடு எந்தப் பட்டியலில் வருகிறது என்று நூலகரிடம் கேளுங்கள். இந்தியாவில் அரசு நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ உதவும். வெளியிடுவதற்கான கட்டணம் வேறு கதை. பல பதிப்பகங்கள் மிக ஏழை நாடுகளுக்கு முழு விலக்கும் அடுத்த நிலை நாடுகளுக்குப் பாதி விலக்கும் தருகின்றன. ஆனால் மொத்தப் பொருளாதாரம் பெரியது என்று கணக்கிட்டு இந்தியா போன்ற நாட்டைச் சில பதிப்பகங்கள் விட்டுவிடும். எனவே அந்தக் கட்டணத்தையும் பட்ஜெட்டில் இப்போதே போடுங்கள்.

படி 7: முடிவு யார் வாசலுக்குத் திரும்பும்?

மருந்தோ தடுப்பூசியோ சோதிக்கும் ஆய்வு என்றால், வெற்றி பெற்றபின் அது இங்கே எந்த விலைக்குக் கிடைக்கும் என்று சோதனைக்கு முன்பே கேளுங்கள். தென்னாப்பிரிக்கா ஆஸ்ட்ராசெனகா கோவிட் தடுப்பூசியின் சோதனைக்குத் தன் மக்களைத் தந்த நாடு. 2021 ஜனவரியில் அது ஒரு டோஸுக்கு 5.25 டாலர் கொடுக்க வேண்டிவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்ததைப் போல் இரு மடங்குக்கும் மேல்.

இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு. ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கான ரோட்டாவாக் தடுப்பூசி டெல்லியில் பச்சிளங்குழந்தைகளிடம் கண்ட ஒரு வைரஸ் வகையிலிருந்து வந்தது. அமெரிக்க நிறுவனங்களும் இந்திய அரசும் தயாரிப்பாளரும் கூட்டாக உழைத்தார்கள். டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் கடைசிக்கட்டச் சோதனை நடந்தது. ஒரு டோஸ் ஒரு டாலர் என்ற விலையைத் தயாரிப்பாளர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். 2014இல் உரிமம் கிடைத்தது. 2016இல் அரசுத் தடுப்பூசித் திட்டத்துக்குள் ரோட்டா தடுப்பூசி வந்தது. விலையை முதலிலேயே பேசியதால் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் காசில்லாமல் அது குழந்தையின் வாயில் விழுகிறது.

மருந்து சம்பந்தப்படாத ஆய்வாக இருந்தாலும் முடிவை ஊருக்குத் திருப்பிச் சொல்லும் செலவைப் பட்ஜெட்டில் தனி வரியாகப் போடுங்கள். நாற்காலி, டீ, மைக் செட், நான்கு பக்கத் தமிழ்த் துண்டறிக்கை, மாவட்டச் சுகாதார அதிகாரிக்கு ஒரு பிரதி. கட்டுரை வெளியாகும்வரை காத்திருக்க வேண்டாம். அதற்குள் பாதிப் பேர் வீடு மாறியிருப்பார்கள். ரத்தம் கொடுத்த ஒவ்வொருவரின் சொந்தப் பரிசோதனை முடிவையும் உறையில் போட்டு அவர் கையிலேயே கொடுங்கள். இயல்புக்கு மாறாக ஏதாவது இருந்தால் எந்த மருத்துவமனைக்கு, எந்தக் கிழமை போக வேண்டும் என்று அதே உறையில் எழுதிவிடுங்கள்.